இருமல் வாட்டு ஜோசியம்

வைத்தியத் தொழிலில் நோய் என்னவென்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்த நோய் நாளைக்கு என்ன செய்யப்போகிறது என்று சொல்வது மறுபாதி, அதற்குத்தான் எந்தக் கம்பஸிலும் ஒழுங்கான பாடம் கிடையாது. "இந்தச் சம்பந்தம் சரிவருமா?" என்று கேட்கப்படும் கல்யாணத் தரகர்கள், "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்கப்படும் வானிலைக்காரர்கள், "பையன் பாஸாகிவிடுவானா?" என்று பெற்றோரிடம் மாட்டிக்கொள்ளும் ஆசிரியர்கள் எல்லோரும் என் இனத்தார். நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

நான் வேலை பார்ப்பது ஊவா மலையில், பண்டாரவளைக்கு மேலே, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். மழைக்காலம் பிறந்தால் காய்ச்சலும் இருமலுமாகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து ஆண்கள் வாட்டும் பெண்கள் வாட்டும் நிறைந்துவிடும். எல்லோருக்கும் கிருமி ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் கஞ்சி குடித்து, மல்லித்தண்ணீர் குடித்து, போனால் போகிறதென்று எங்கள் மாத்திரையையும் விழுங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு சிலருக்கு மட்டும், இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கிற நேரத்தில், மூச்சு முட்டத் தொடங்கும்.

மூச்சுக்கு உதவுகிற இயந்திரம் பதுளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். எங்களிடம் இருப்பவை ஒட்சிசன் சிலிண்டர்கள், ஒரே ஒரு அம்புலன்ஸ், மழை பெய்தால் மண் சரிகிற ஒரு பாதை. ஆகவே அந்த ஒரு சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பதுளையில் திட்டுவார்கள். தாமதமாகச் சொன்னால் திட்டுவதற்கு நோயாளி இருக்கமாட்டார்.

எழுந்து நிற்கிறவர்கள்

படிக்கிற காலத்தில் சொல்லித்தந்த முதல் பாடம் இது: வாட்டுக்குள் நுழையும்போதே ஒரு பார்வை பார். எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரை அப்புறம் கவனிக்கலாம், படுத்தே கிடக்கிறவரிடம் முதலில் போ. கொழும்பில் இந்தப் பாடம் நன்றாகவே வேலை செய்தது. இங்கே வந்த முதல் காலையில் ஆண்கள் வாட்டின் வாசலில் கால் வைத்தேன்; மொத்த வாட்டும் கட்டிலை விட்டு இறங்கி, சாரத்தை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் நின்று வேலைக்குப் பேர் கொடுத்துப் பழகிய உடம்புகள். டொக்டர் வந்தாலும் அதே மரியாதைதான்.

அந்த வரிசையில் நமுனுகுலப் பக்கத்து மாரிமுத்து என்பவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி ஆடியது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. அவசரமாக உட்காரவைத்து, ஒட்சிசன் முகமூடி மாட்டி, அன்றைக்கே பதுளைக்கு அனுப்பினோம். பிழைத்து வந்துவிட்டார் என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அம்புலன்ஸில் ஏற்றும்போது, "இவ்வளவு முடியாமல் இருந்துகொண்டு ஏன் எழுந்து நின்றீர்கள்?" என்று கேட்டேன். தோட்டத்தில் வேலையைப் பாதியில் விட்டவருக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். மாரிமுத்து முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "ஒக்காந்திருந்தா அரைப்பேரு போட்டுருவீங்களோன்னு நெனச்சேங்க."

முனகல்

நிற்பதை நம்பக்கூடாது என்று தெரிந்ததும் முனகலை நம்பத் தொடங்கினேன். பேக்கரி முதலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். மூச்சை இழுக்கும்போது ஒரு "ஐயோ", விடும்போது ஒரு "அம்மா". இடையில் முருகனையும் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்கள். இவருக்கு இன்றைக்கே ஏதோ ஆகப்போகிறது என்று என் மனம் சொன்னது. மனம் சொன்னதைக் கேட்டு அம்புலன்ஸை அழைத்தேன்.

பதுளையில் அன்றைக்கு வேலையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், மிகவும் அமைதியானவர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் பயந்துகொண்டே எடுத்தேன். குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. "உங்கட ஆள் வந்து இறங்கின உடன பிளேன்ரீ கேட்டவர், அதோட ரெண்டு பணிசும் சாப்பிட்டவர். இனி நாங்கள் அவருக்கு என்ன செய்யோணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ, செய்யிறம்."

நாடி பிடிக்கிற பாவனை

அடுத்த வழி, மூச்சை எண்ணுவது. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பதைப்போல நம்பகமான சேதி வேறில்லை. இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, அழகாக விட்டுக் காட்டுவார்கள். அதனால் நாங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவோம். உலகம் முழுக்க டொக்டர்கள் செய்கிற சின்ன மோசடி இது.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவரிடம் இந்த மோசடியைச் செய்துகொண்டிருந்தேன். முகத்தை எங்கோ திருப்பி வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் எண்ணினேன். பாதி எண்ணும்போதே அவர் கையை உருவிக்கொண்டார். "நாடி புடிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு நெஞ்சையே பாக்குறீங்களே டொக்டரம்மா. தூங்குற மாதிரி நடிக்கிற எங்க மடுவத்துப் புள்ளைங்க ஒங்களவிட நல்லா நடிக்கும்."

யார் விரல்

விரலில் மாட்டினால் இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் என்று காட்டுகிற சின்னப் பெட்டி இப்போது கொரோனா புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மலைக் குளிரில் விரல் விறைத்துப் போனால் அது எதையும் காட்டாது. கொழுந்துப் பால் ஏறிக் கறுத்த விரலில் இன்னும் மோசமாக முரண்டு பிடிக்கும். சூடான தேநீர்க் கோப்பையைக் கொஞ்சநேரம் பிடிக்கச் சொல்லி, விரலைச் சூடாக்கி, பிறகு மாட்டுவோம். இந்த ஒரு காரியத்துக்காவது எங்கள் ஊர்த் தேயிலை வைத்தியத்துக்கு உதவுகிறது.

வயதான ஒருவருக்கு அளவு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு மதியம் மிஸி எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தால் திடீரென்று ஏறி, பந்து விளையாடுகிறவருக்கு இருக்கிற மாதிரி இருந்தது. ஒட்சிசனைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். சந்தேகம் வந்து நானே போய்ப் பார்த்தபோது பெரியவர் நீலம் பாரித்து உறங்கிக்கொண்டிருந்தார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, நம்பரைப் பார்த்து மனம் ஆறிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் வாட்டே எழுந்துவிட்டது, பெரியவரைத் தவிர. அவரையும் எழுப்பி, ஒட்சிசனைக் கூட்டி, ஒருவழியாகத் தேற்றினோம். மகனுக்கு என் கோபம் கடைசிவரை விளங்கவில்லை. "அப்பா இப்பத்தாங்க கண்ணசந்தாரு. அவரு விரல் என்னா, எம் விரல் என்னா, ஒரே ரத்தந்தானேன்னு மாட்டிக்கிட்டேன்."

ரிப்பன் வாங்கிய கதை

எங்கள் பெரிய டொக்டர், அதாவது வாரம் ஒரு முறை பதுளையிலிருந்து வந்து எங்களை மேற்பார்வை செய்கிறவர், ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு ஸ்கோரோடு திரும்பினார். வயதுக்கு இத்தனை புள்ளி, சீனி வியாதிக்கு இத்தனை, மூச்சுக்கு இத்தனை, இரத்தப் பரிசோதனைக்கு இத்தனை. எல்லாம் கூட்டினால் நாளைக்கு யாருக்கு மோசமாகும் என்று தெரிந்துவிடும். மோசமாகக்கூடியவருக்குக் கட்டிலில் சிவப்பு ரிப்பன். அவரை மிஸிமார் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். நடுவில் உள்ளவருக்கு மஞ்சள். பயமில்லாதவருக்குப் பச்சை, அவரைக் காலையும் மாலையும் பார்த்தால் போதும். மிஸி என்றால் இங்கே நர்ஸ். எனக்கும் இந்த யோசனை பிடித்திருந்தது. இத்தனை காலம் குருட்டாம்போக்கில் சொன்னதற்கு ஒரு கணக்கு கிடைத்ததே!

ஸ்டோர்ஸில் எழுதிக் கேட்டால் ரிப்பன் அடுத்த மழைக்குத்தான் வரும். பதுளை பஸாரில் என் அப்பாவின் புடவைக்கடை இருக்கிறது. அங்கே போய் மூன்று நிறத்திலும் சுருள் சுருளாக எடுத்தேன். எதற்கு என்று அப்பா கேட்டார், விளக்கினேன். அவர் ரிப்பனை முழம் போட்டபடியே கேட்டார்: "கடைக்குள்ள வர்றவங்கள்ல யாரு வாங்குவாங்க, யாரு துணியெல்லாம் கலைச்சிப் போட்டுட்டு எந்திரிச்சிப் போவாங்கன்னு எனக்கே இன்னமும் பிடிபடல. நீ ரிப்பன் கட்டிக் கண்டுபுடிக்கப் போறியா?"

நடு விலை

பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருக்கு மஞ்சள் விழுந்தது. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ரிப்பனை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். துணியின் தரத்தைப் பார்த்தாரோ என்னவோ. எதிர்க்கட்டிலில் சிவப்பு, பக்கத்தில் பச்சை. அவருக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்" என்றேன். அதைச் சொல்வதற்கு டொக்டர் எதற்கு, ரிப்பன் எதற்கு என்று அவர் முகம் கேட்டது. வாய் வேறு மாதிரி கேட்டது: "சரக்கு நல்லமா, பழுதா? ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க டொக்டர். நடுவுல வெல வைக்கிற யாவாரத்த நான் எங்கயும் பார்க்கல்ல."

சிவப்புக்கு ராஜ மரியாதை

சிவப்பைக் கண்டு சனம் பயப்படும் என்றுதான் எதிர்பார்த்தோம். இரண்டே நாளில் பெண்கள் வாட்டு வேறு விதமாகப் புரிந்துகொண்டது. சிவப்புக் கட்டிலுக்கு மிஸி அடிக்கடி வருகிறார், தலையணையைச் சரிசெய்கிறார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார். பச்சைக் கட்டிலுக்குத் தூரத்திலிருந்து ஒரு சிரிப்பு மட்டும். தோட்டத்துக் கோயிலில் கையில் கட்டுகிற கயிறும் சிவப்புத்தானே, நல்லதுக்குத்தான் கட்டுகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. தன் பெண்சாதிக்கும் ஒரு சிவப்பு கட்டிவிடும்படி ஒருவர் என்னிடம் சிபாரிசுக்கே வந்தார்.

பெண்கள் வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள். பாக்கியம், பூனாகலையில் கொழுந்தெடுப்பவர். சீனி வியாதி உண்டு, ஸ்கோர் கூட, சிவப்பு. ஸ்டெல்லா, வேறொரு தோட்டம். கணவர் இல்லை, ஒரே மகள் குவைத்தில். ஸ்கோர் குறைவு, பச்சை. பார்வையாளர் நேரம் வந்தால் பாக்கியத்தைப் பார்க்க அவருடைய லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க, பஸ்ஸில் வந்து இறங்கும். ரொட்டியும் சம்பலும் சண்டையும் சிரிப்புமாக இருக்கும். ஸ்டெல்லா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகள் போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பார். ஒரு காலை வாட்டைச் சுற்றிவரும்போது பாக்கியம் என்னைக் கேட்டார், சிவப்பு என்றால் இப்படித்தான் அடிக்கடி வந்து பார்ப்பீர்களா என்று. ஆமாம், அதற்காகத்தான் கட்டியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். பாக்கியம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பச்சைக்கு யாருங்க வருவா?"

வெற்றி

மறுநாள் நான் வேலைக்கு வந்து குடையை மடக்குவதற்குள் இரவு வேலை பார்த்த மிஸி ஓடிவந்தார். சிவப்புக் கட்டில் ஒன்றில் மூச்சு வேகமாக ஏறுகிறது, விடியும்போது பார்த்ததற்கும் இப்போது இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் என்றார். ஓடினேன். ஸ்டெல்லா. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. முகமூடி மாட்டி, பதுளைக்குச் சொல்லி, அம்புலன்ஸில் ஏற்றினோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. நல்ல நேரத்தில் புறப்பட்டது வண்டி.

வாட்டு நிறைய ஆட்கள். எனக்கு முகமும் பெயரும் நினைவில் நிற்பதைவிட நிறம்தான் நின்றது. சிவப்பு என்றார்கள், சிவப்பு என்று நம்பினேன். பெரிய டொக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்கோர் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பகல் வேலைக்கு வந்த குசும் மிஸி நின்றார். சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "டொக்டர், ஸ்டெல்லாவுக்குப் பச்சைதானே? நான்தானே கட்டினது."

பச்சைக் கட்டில்

இருவரும் வாட்டுக்கு நடந்தோம், பிறகு ஓடினோம். ஸ்டெல்லாவின் காலிக் கட்டிலில் சிவப்பு ரிப்பன். பக்கத்துக் கட்டிலில் பச்சை. அதில் பாக்கியம், தலையணையில் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பச்சைக் கட்டில் என்பதால் முந்தைய நாள் மாலைக்குப் பிறகு யாரும் அவரிடம் நின்று பார்க்கவில்லை. விரலில் பெட்டியை மாட்டினேன். காட்டிய நம்பரை இங்கே எழுத மனம் வரவில்லை. குசும் மிஸி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். அம்புலன்ஸ் ஸ்டெல்லாவோடு மலையிறங்கிப் போயிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் ரிப்பனை அவிழ்த்து மாற்றிக் கட்டியது தான்தான் என்று பாக்கியம் மறைக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குக்கூட அது தெரியாதாம், உறங்கிக்கொண்டிருந்தாராம். எனக்கு வந்த கோபத்தை அப்படியே சொல்கிறேன்: கன்னத்தில் அறையலாமா என்று தோன்றியது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கத்தினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "என்னைய பாக்கத்தான்... அத்தன பேரு... வர்றாங்க. அதுக்கு... யாரும் வரல. செகப்பு இருந்தா... நீங்களாச்சும் வருவீங்கன்னு."

மண் சரிந்த பாதை

கோபம் போய்ப் பயம் வந்தது. டிரைவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஸ்டெல்லாவைப் பத்திரமாக இறக்கிவிட்டாராம், திரும்பி வரும் வழியில் மண் விழுந்து கிடக்கிறதாம், பெக்கோ என்கிற மண் அள்ளும் இயந்திரம் வந்து தள்ளிக்கொண்டிருக்கிறதாம். பெக்கோ எப்போது தள்ளி முடிக்கும் என்பதற்கு எந்த ஸ்கோரும் கிடையாது. பாக்கியத்தைக் குப்புறப் படுக்கவைத்தோம். அப்படிப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரிந்து கொஞ்சம் காற்று கூடப் போகும். அவருக்குப் பிடிக்கவே இல்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு சிலிண்டர் முடிந்து இன்னொன்று மாற்றினோம்.

மற்ற நோயாளிகளைக் குசும் மிஸி பார்த்துக்கொண்டார். நான் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை. இவர் போய்விட்டால் அந்த லயத்துச் சனம் பார்வையாளர் நேரத்துக்கு ரொட்டியோடு வந்து இறங்கும், அவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைவுதான். ஸ்டெல்லாவுக்கு ஸ்கோர் பச்சை என்று சொன்னது. ரிப்பன் மாறாவிட்டால் அவரைத்தான் யாரும் பார்த்திருக்கமாட்டோம். அதை நினைத்தால் பாக்கியத்தைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டபோது நான் எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முகமூடிக்குள்ளிருந்து பாக்கியம் சொன்னார்: "மொதல்ல நீங்க... மூச்சு விடுங்க டொக்டரம்மா."

எப்படிக் கூட்டினாலும்

அந்த வார முடிவில் பெரிய டொக்டர் ஸ்கோரின் பெறுபேறு கேட்டார். பாக்கியம் அப்போது பதுளையில் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தேறுவாரா என்று அங்கே கேட்டால் "பார்ப்போம்" என்றார்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேருக்கு அதையே சொன்னவள்தான்.

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கட்டிலில் இருந்த ரிப்பனை வைத்துப் பார்த்தால், சிவப்பில் கிடந்த ஸ்டெல்லாவுக்கு மோசமானது, அது சரி. பச்சையில் கிடந்த பாக்கியத்துக்கும் மோசமானது, அது பிழை. உண்மையான ஸ்கோரை வைத்துப் பார்த்தால், சிவப்பான பாக்கியம் சரி, பச்சையான ஸ்டெல்லா பிழை. அவர் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பாக்கியத்துக்குக் கட்டில் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். ஆனாலும் அவரும் மேலே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர். "எப்பிடிக் கூட்டினாலும் பாதி சரிதானே வருது? அப்ப ரிப்போர்ட்ட மாத்தத் தேவையில்ல."

என்ன உறவு

ஸ்டெல்லாதான் முதலில் தேறினார். எங்கள் வாட்டுக்குத் திரும்பி வந்து, ஒன்றிரண்டு நாள் இருந்து, வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் சொன்னதும் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரிப்பன் சங்கதியைக் குசும் மிஸி அவருக்குச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்தார் என்று மிஸிக்கு வருத்தம்.

லீவுக்குப் பதுளையில் வீட்டுக்குப் போனபோது பாக்கியத்தைப் பார்க்கலாம் என்று போனேன். பூனாகலையிலிருந்து பதுளைக்குப் பஸ் மாறி மாறி வர வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டால்தான் முடியும். அதனால் அந்த லயத்துச் சனம் தினமும் வர முடியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆள் குறைந்துவிட்டது. பாக்கியத்தைத் தனியாகத்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். இயந்திரத்தை எடுத்திருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய் மட்டும். கண் திறந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஸ்டெல்லா உட்கார்ந்து, கரண்டியால் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் வருகிறாராம், பதுளையில் கோயில் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறாராம்.

 டொக்டர் அழக்கூடாது என்பதால், பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று, இந்த வாட்டில் சொந்தக்காரரைத் தவிர யாரையும் விடமாட்டார்களே, எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேட்டேன். ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வாசல்ல, நோயாளிக்கு நீங்க என்னா ஒறவுன்னு கேக்குறாங்க டொக்டரம்மா. பக்கத்துக் கட்டில்னு சொல்றேன். விட்டுர்றாங்க."

ஆக, நாளைக்கு யாருக்கு மோசமாகும் என்று அறிய இன்றைய தேதிக்கு எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி எல்லோரையும் போய்ப் போய்ப் பார்ப்பதுதான். அதற்கு ஆள் இல்லாததால்தான் நாங்கள் ஜோசியம் பார்க்கிறோம்.